கற்பூரத்தில் காட்டிய செவ்வந்திக்கல்

நாயுடுபேட்டையில் இந்நேரம் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு நடந்துகொண்டிருக்கும் என் மகனுக்கு,

நீ போனில் கேட்ட இரண்டாவது கல்லை நான் இன்னும் கையில் எடுக்கவில்லை. எடுக்கப்போவதும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை மெதுவாகப் பேசலாம். "இன்னொரு கல்லு பண்ணிக் குடும்மா, அத்தை சமாதானம் ஆயிடுவாங்க, கல்யாணம் நடந்துடும்" என்றாய். கல் உடைந்ததால் இந்தக் கல்யாணம் நிற்கவில்லை. நகரியில் உன் அத்தை வீட்டுக் கூடத்தில், பவித்ரா உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, நீ சொன்ன ஒரு சொல்லால் நிற்கிறது. "தெரில" என்றாய். அந்தச் சொல்லை நீ எந்த இடத்தில் சொன்னாயோ அதே இடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டால் அந்தப் பெண் உனக்கு உண்டு. இல்லையென்றால் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நகரியில் எல்லாரும் உட்கார்ந்து முடிவு பேசப்போகிறார்கள். அதற்குள் நீ இதைப் படிக்க வேண்டும்.

உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரு பெண்ணின் தலையணைக்கு அடியில் ஒரு கல் இருக்கிறது. அவள் நல்லவளா, ராசியானவளா, அந்த வீட்டு மகனைத் தின்றுவிட மாட்டாளா என்று அந்தக் கல் சொல்ல வேண்டுமாம். அந்தக் கல்லை அறுத்துப் பட்டை தீட்டுகிறவள் நான். பூமிக்குள் எத்தனையோ காலம் யாரையும் பார்க்காமல் கிடந்த ஒரு பொருளுக்கு பங்காருபாளையத்துப் பெண்ணான பவித்ராவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறது.

மண்ணிலிருந்து வந்த செவ்வந்திக்கல்லை நீ நிறையப் பார்த்திருக்கிறாய். சின்ன வயதில் அதற்குக் கத்திரிக்காய்க் கல் என்று பெயர் வைத்திருந்தாய். வெளியே பார்த்தால் அழுக்குப் படிந்த உப்புக்கட்டி. தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும். காலையில் உன் நைனா ஆட்டோவை எடுத்துக்கொண்டு போன பிறகு, திருப்பதி கொர்லகுண்டாவில் நம் தெருக் குழாயடிச் சண்டை ஓய்ந்த பிறகு, முன்னறையில் அப்படி ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மழை வரப்போகிற சாயங்காலம் மலை ஒரு நிறத்துக்கு மாறுமே, நீலம் என்றும் சொல்ல முடியாது சிவப்பு என்றும் சொல்ல முடியாது, அந்த நிறம் கல்லின் ஒரு முனையில் திரண்டு நிற்கும். மீதிக் கல் வெளுத்துத் தண்ணீர் போல இருக்கும். நிறம் உள்ள முனை அடியில் வரும்படி அறுக்க வேண்டும். அடிப்பட்டைகள் சரியான சாய்வில் விழுந்தால், மேலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தத் துளி நிறம் கல் முழுக்கப் பரவித் தெரியும். சாய்வு தட்டையாகிவிட்டால் வெளிச்சம் அடிவழியே ஒழுகிப்போகும், நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி கல்லுக்குக் கீழே இருக்கும் விரல் தெரியும். சக்கரம் சுற்றுகிற சத்தமும், அதன் மேல் தண்ணீர் சொட்டுகிற சத்தமும் சேர்ந்து, விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாத ஒரு நிலைக்கு என்னைக் கொண்டுபோகும். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். மற்றபடி இடுப்பு வலி, கண் எரிச்சல், கடைக்காரரின் ஏச்சு.

கடைக்காரர்கள் இதைக் கல் என்றா விற்கிறார்கள்? சனி என்று விற்கிறார்கள். சனிக்கு நீலம் போட வேண்டுமாம். நீலம் வாங்க வக்கில்லாதவர்களுக்குச் செவ்வந்தி. யார் வாங்குகிறார்கள் என்று கடைவாசலில் நின்று பார்த்திருக்கிறேன். விசைத்தறியில் நின்று நின்று கால் வீங்கியவர்கள், மகனுக்கு வேலை கிடைக்காதவர்கள், புருஷன் குடித்துவிட்டுக் கிடக்கிறவர்கள். தறி முதலாளி கூலியைக் குறைத்தால் சனி. ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லையென்றால் சனி. குறைத்தவனையும் வராதவனையும் கேட்காமல் வானத்தில் இருக்கிற ஒரு கோளைக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு என் கையால் பட்டை தீட்டிய கல்லைக் கொடுக்கிறார்கள். எனக்குச் சோறு போடுவதும் அதுதான் என்பதால் சத்தமாகச் சொல்லாமல் இருந்தேன். இப்போது அது என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

நீ முதல் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கும்போது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியாது. கல்லைக் குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டுவதற்காக ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போனேன். நீ சும்மா இருக்க மாட்டாமல் அந்தக் குச்சியை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கினாய். "டிக்" என்று ஒரு சத்தம். நகம் ஒடிகிற சத்தம் அளவுதான். நான் உள்ளே வந்தபோது கிண்ணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். "நான்தாம்மா தண்ணில போட்டேன், அது அழுதுச்சும்மா" என்றாய். கல்லின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. சூட்டில் விரிந்த கல் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே கிழிந்துவிடும் என்று அன்றைக்குத்தான் உன்னை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்கே சூடான கல்லைப் பார்த்தாலும், "அம்மா, ஆறட்டும்" என்று எனக்கே புத்தி சொல்வாய். அக்கம்பக்கத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

பவித்ராவை நீ முதலில் சொன்னது திருப்பதி பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை உன்னை வழியனுப்ப வந்திருந்தேன். உனக்கு நாயுடுபேட்டை பஸ், அவளுக்கு ஸ்ரீசிட்டி பக்கம் போகிற பஸ். தூரத்திலிருந்தே காட்டினாய். ஒரு பையை மடியில் வைத்து, அதன் மேல் தலை வைத்து, அந்தக் கூட்டத்திலும் சத்தத்திலும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. அவள் அப்பா பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் பிளாஸ்டிக் பழக் கிரேடுகளை லாரியில் ஏற்றுகிறவர். அவள் செல்போன் தயாரிக்கிற ஃபேக்டரியில் வரிசையில் நின்று வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். உனக்கும் சம்மதம், அவளுக்கும் சம்மதம், இரண்டு பக்கத்துப் பெற்றவர்களுக்கும் சம்மதம். நகரியில் உன் கன்னியம்மா அத்தைதான் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போனார். தாயில்லாத பிள்ளையான உன் நைனாவை வளர்த்த அக்கா. நீ பள்ளி முடித்து இன்டர் படித்த இரண்டு வருஷமும் அவர் வீட்டில்தான் சாப்பிட்டாய். அவர் சொன்னால் உன் நைனா மறுபேச்சு பேச மாட்டார். ஜோசியர் என்ன சொன்னாரோ, திரும்பி வந்து, "பொண்ணுக்கு ஏழுல சனி. கல்லு போடணும். போடறதுக்கு முன்னாடி ஒத்துக்குதான்னு பாக்கணும். மூணு நாள் தலைக்கு வெச்சிப் படுத்துக்கினு, இன்னா கனா வருதுன்னு வந்து சொல்லட்டும்" என்றார். உன் தலையணைக்கு அடியில் யாரும் எதுவும் வைக்கச் சொல்லவில்லை. உன் கனவை யாரும் கேட்கவில்லை. நீயும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

சரி, ஒரு கல்தானே, கடையில் வாங்குகிற கல்லை விட என் கையால் செய்த கல் அவளிடம் இருக்கட்டும் என்று நான் ஒத்துக்கொண்டேன். இருந்த கற்களிலேயே நல்ல கல்லை எடுத்தேன். அதன் ஓரத்தில், கண்ணாடியில் மூச்சு பட்ட மாதிரி மெல்லிய ஒரு திரை இருந்தது. அந்தத் திரைக்குள் ஊசிமுனையை விடச் சின்னதாகத் தண்ணீர்த் துளிகள் இருக்கும். கல் உருவானபோது மாட்டிக்கொண்ட தண்ணீர், இன்னும் காயாமல் உள்ளேயே இருக்கிறது. அதை அறுத்து எறிய எனக்கு மனம் வரவில்லை. சூடு படாதவரை அது யாருக்கும் கெடுதல் செய்யாது. ஒட்டும்போது விளக்கைத் தள்ளியே வைத்து, அரக்கு இளகுகிற அளவுக்கு மட்டும் காட்டி, ஆறும்வரை துணியில் பொதிந்து வைத்தேன். அடிப்பட்டைகள் முடிந்து, கடைசியில் மேல்தட்டுக்கு மெருகு ஏற்றித் துடைத்துப் பார்த்தபோது, கல்லுக்குள் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தச் சின்னத் திரை ஒரு மேகத் துணுக்கு மாதிரி அதன் ஓரத்தில் நின்றது. நீ வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அவளுக்குக் குடுக்கவே மனசு வரல, அவ்ளோ நல்லாக் கீது" என்றாய். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகரிக்குப் போனாய்.

அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உன் அத்தை பூஜை போட்டிருக்கிறார். கல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கற்பூரம் கொளுத்தி, இடுக்கியை உன் கையில் கொடுத்து, மந்திரம் முடியும்வரை தீயிலேயே பிடிக்கச் சொல்லியிருக்கிறார். கல் கரி பிடித்துக் கறுக்கும்வரை நீ பிடித்திருக்கிறாய். அப்புறம் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி, அதில் போடச் சொன்னார். நீ போட்டாய். பாலிலிருந்து எடுத்ததும் அவரே மஞ்சள் துணியில் வைத்து முடிச்சுப் போட்டு, "கனா வர்ற வரைக்கும் யாரும் இத அவுக்கக் கூடாது" என்று உன்னிடம் கொடுத்தார். நீ அந்த முடிச்சை ஹாஸ்டல் கேட்டில் பவித்ராவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாய்.

அந்த வாரம் அவளுக்கு நைட் ஷிஃப்ட். பகலில்தான் தூக்கம். பகலில் தூங்கினால் வருகிற கனவு கணக்கில் சேருமா என்று அவள் உன்னைக் கேட்க, நீ அத்தையைக் கேட்க, அத்தை ஜோசியருக்குப் போன் போட, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினால் சேரும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அந்தக் கூத்தைச் சொல்லி நீ போனில் அப்படிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கனவு காணக்கூட ஒரு சூப்பர்வைசர் வந்துவிட்டான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

நகரியில் நாம் எல்லாரும் கூடிய அன்று அவள் நேராக ஷிஃப்டிலிருந்து வந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கனவைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது, பாவம். ஒளிக்காமல் சொன்னாள். ஒரு பஸ் போகிறது. உள்ளே எல்லாரும் அவளோடு வேலை செய்கிற பெண்கள், எல்லாரும் தூங்குகிறார்கள். ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை. பஸ் ஊதா நிறத் தண்ணீருக்குள் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது, யாருக்கும் மூச்சு முட்டவில்லை. நின்று நின்று போகிறது. நிற்கிற இடத்திலெல்லாம் கதவு திறக்கிறது, ஆனால் தண்ணீர் உள்ளே வருவதில்லை. ஒருத்தி எழுந்து, முடியை முடிந்துகொண்டு, அவள் பாட்டுக்கு இறங்கிப் போகிறாள். யாரும் அவள் பெயரைக் கூப்பிட்டு எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. பவித்ரா சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தக் கூடத்தில், தெருவெல்லாம் ஓடுகிற தறிகளின் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. நானும் அந்த பஸ்ஸில்தான் இருந்தேன்.

"தண்ணி தெளிவா இருந்துதா, கலங்கலா இருந்துதா?" என்றார் உன் அத்தை.

"தெளிவாத்தான் இருந்துது. அடியில மணலுகூட தெரிஞ்சிது."

"பஸ்ஸ ஓட்ட ஆளே இல்லியா?"

"இல்ல. தானாப் போய்க்கினு இருந்துது."

"ஓட்ட ஆளில்லாத வண்டி. இன்னா அர்த்தம் அதுக்கு? புருசன் இல்லாத குடும்பம்னுதான அர்த்தம்?"

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு போக இடம் தெரியாமல் அங்கேயே நின்றது. அப்போதுதான் அத்தை முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தார். கல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னாடி இது, குறுக்கால கோடு? கல்லே இவகிட்ட தங்கல பாரு" என்றார். நான் எழுந்து போய் வாங்கிப் பார்த்தேன். அந்த மேகத் துணுக்கிலிருந்து ஒரு கிழிசல் ஓடிக் கல்லை இரண்டாக்கியிருந்தது. கீழ் விளிம்பில் கரி. கீழே விழுந்து உடைந்த கல் விளிம்பில் சில்லுப் போயிருக்கும். இது உள்ளிருந்து கிழிந்தது.

"தீயில காட்டினீங்களா அண்ணி?" என்றேன்.

"காட்டாத இருப்பனா? சாமி காரியம். காட்டிட்டு பால்ல போடச் சொன்னேன். அதுக்கு இன்னா இப்ப?"

"அதுலதான் வெடிச்சிக் கீது. சூட்டோட குளுந்ததுல போட்டா வெடிக்கும்."

"உன் கல்லுன்னு காப்பாத்தாத. நான் மந்திரம் சொல்லி சாமிக்குக் காட்டுனது வெடிக்குமா? இடுக்கியப் புடிச்சவன் இவன்தான கீறான், கேளு." உன் பக்கம் திரும்பி, "சொல்லு நைனா, பால்ல போடும்போது எதுனா ஆச்சா?" என்றார்.

எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். பவித்ரா பார்த்தாள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரில அத்தை" என்றாய். உன் நைனா கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று யாரையோ கேட்டார். பவித்ரா எழுந்து, காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் குறை சொல்லாமல் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்தாய். பஸ் புத்தூரைத் தாண்டியது. பிறகு நீயாகத்தான் சொன்னாய். "சத்தம் கேட்டுதும்மா. டிக்குன்னு கேட்டுது."

"அப்ப ஏன் தெரிலன்னு சொன்ன?"

"அத்தை முன்னாடி எப்பிடிம்மா சொல்றது? அவங்க கையால சோறு துன்னவன் நான். அவங்க மனசு நோவும்."

"இவ மனசு நோவாதா?"

"இவளுக்கு அப்பால சொல்லி சமாதானம் பண்ணிக்கலாம்மா. இவ புரிஞ்சிக்குவா."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் இத்தனை நாளாக வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இவள் புரிந்துகொள்வாள். நம் வீடுகள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன. பெரியவர்கள் மனசு நோகக் கூடாது, சாமி கோபிக்கக் கூடாது, ஜோசியர் சொல் தவறக் கூடாது, ஆண்பிள்ளை சங்கடப்படக் கூடாது. மிச்சம் இருப்பவள் ஒருத்திதான், அவள் புரிந்துகொள்வாள். உன் அத்தையை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் கல்யாணத்தின்போதும் ஒரு கல்லைக் கட்டினார்கள். அவர் புருஷன் தறிப்பட்டறையில் கரண்ட் அடித்துச் செத்தபோது, கம்பியை மூடாமல் விட்ட முதலாளியை ஒருவரும் கேட்கவில்லை. கல் உன் அத்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாள் பயந்துபோய்த்தான் இருக்கிறார். உன்னையும் அதேபோல யாரும் இழந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தின் மேல் நீ இன்னொரு பொய்யை வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். இனி அவர் சாகும்வரை, பவித்ரா கை பட்டதால் கல் உடைந்தது என்று நம்புவார். நீ ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் அவளைப் பார்ப்பார். உனக்கு வேலை போனால் அவளைப் பார்ப்பார். சாப்பாட்டில் உப்பு கூடினால்கூட அந்தக் கோட்டைத்தான் நினைப்பார். நீ சொல்கிறபடி நான் இன்னொரு கல் செய்து கொடுத்தால், முதல் கல் அவளால்தான் உடைந்தது என்று நானும் என் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அதனால்தான் மாட்டேன் என்கிறேன்.

நேற்று பங்காருபாளையம் போயிருந்தேன். உன்னிடம் சொல்லாமல் போனேன். மாங்காய்க் காலம். சாலை முழுக்க லாரி, காற்று முழுக்க பழுத்ததும் அழுகியதும் கலந்த ஒரு இனிப்பு, அதை மூச்சில் இழுத்துக்கொண்டே நடந்தால் கால் தரையில் படாத மாதிரி இருந்தது. வெயிலில் எல்லாம் மஞ்சளாக மிதந்தது. பவித்ராவுக்கு வார லீவு. மண்டிக்குப் பின்னால் அவர்கள் வீட்டு வாசலில், கவிழ்த்துப் போட்ட ஒரு கிரேடில் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தாள். அவள் அம்மா ஒரு தட்டு நிறைய பழம் அறுத்துக்கொண்டு வந்து வைத்துவிட்டு, "நீங்க மாட்லாடுங்க" என்று எங்களைப் பேச விட்டு உள்ளே போய்விட்டார். கோபமாக ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். யாரும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"துன்னுங்க அத்தை" என்று தட்டைத் தள்ளினாள். நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். பிறகு சொன்னாள், "நல்ல கனாதான் அத்தை அது. ஏந்திரிச்ச அப்புறமும் உடம்பெல்லாம் லேசா இருந்துது. அத அவங்ககிட்ட போய் சொன்னதுதான் தப்பு. இப்ப அது என்னோடதே இல்ல மாதிரி கீது."

கல் எப்படி உடைந்தது என்று விளக்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்க அன்னிக்கே சொன்னீங்களே அத்தை, நான் நம்புறேன். கல்லப் பத்தி எனக்கு ஒன்னும் இல்ல." அப்புறம் முடியைச் சிக்கெடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அவருக்குத் தெரியுமா?"

நான் உன்னைப் பெற்றவள். உனக்காக எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன், உன் நைனாவிடம் சொல்லியிருக்கிறேன். வாய்வரை வந்தது. அந்தப் பெண்ணின் கழுத்தில் ஈரமுடி ஒட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்மா. சத்தம் கேட்டுக் கீது அவனுக்கு. பஸ்ல எங்கிட்ட சொன்னான்" என்றேன்.

சீப்பு நின்றது. ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது, அவள் சீப்பை மடியில் வைத்துவிட்டு முடியை முடிந்துகொண்டாள்.

"சரே" என்றாள். "ஞாயித்துக்கெழம நான் நகரிக்கு வரல அத்தை. ஷிஃப்ட் கீது. லீவு கேட்டா குடுப்பாங்க, ஆனா கேக்கமாட்டேன். அவரு பேசட்டும். அங்கியே, அவங்க எல்லாரும் இருக்கும்போது. அவரு இன்னா சொன்னாருன்னு நீங்க எனக்கு சொல்ல வேணாம். உங்க வாயால கேட்டா நான் உங்களுக்காக ஒத்துக்குவேன். அவரே சொல்லட்டும்."

இதுதான் நிலைமை, மகனே. நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். நீ அவளோடு வாழப்போகிற வருஷங்கள் முழுக்க, உன் அம்மா ஒரு பொய்யை நடுவில் வைத்துவிட்டுப் போனாள் என்று ஆகக் கூடாது என்றுதான் சொன்னேன். பயந்தாங்கொள்ளியோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் நைனா நல்ல மனிதர், கையோங்கியதே இல்லை, சம்பாதித்ததை என் கையில் கொடுக்கிறவர். ஆனால் எனக்காக ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்திலெல்லாம் பஸ் நேரம் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு ஆள் இருந்தும் தனியாக நிற்கிற அந்த நிமிஷம் இருக்கிறதே, அது ஒவ்வொன்றாகச் சேர்ந்து மனசுக்குள் எங்கேயோ படிந்துவிடும். அதை நான் அந்தப் பெண்ணுக்கு விரும்பவில்லை. உனக்கும் விரும்பவில்லை. அப்படி வாழ்கிற ஆணும் சந்தோஷமாக இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் நகரிக்கு வருவேன். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். நான் பேசினால் அது தம்பி பெண்டாட்டிக்கும் நாத்தனாருக்கும் நடக்கிற சண்டையாகிவிடும், நீ மறுபடியும் தரையைப் பார்க்க வசதியாகிவிடும். அத்தையின் காலடியில் உட்கார்ந்து சொல். கோபப்படாமல் சொல். சத்தம் கேட்டது, நான் கேட்டேன், நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று மறைத்தேன், அந்தப் பெண் மேல் ஒரு குறையும் இல்லை என்று சொல். அவர் அழலாம். உன்னை வெளியே போகச் சொல்லலாம். சொன்னால் போய் வாசலில் உட்கார், அவர் உன்னைச் சாப்பிடக் கூப்பிடாமல் இருக்க மாட்டார். கூப்பிடவில்லை என்றாலும் நீ செத்துப்போக மாட்டாய்.

அப்புறம் அவளுக்குப் போன் செய். ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொண்டு செய். நாளெல்லாம் ஊருக்கெல்லாம் போன் தயாரித்துக் கொடுக்கிற அந்த ஃபேக்டரியில் அவர்களுடைய போனை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. வாசலிலேயே லாக்கரில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சாயங்காலம் வெளியே வந்து, வரிசையில் நின்று, லாக்கரைத் திறந்து போனை எடுப்பாள். நீ அத்தையிடம் சொல்லியிருந்தால், அவள் அதை எடுக்கும்போது உன் பெயர் அதில் இருக்கட்டும். சொல்லவில்லையென்றால் கூப்பிடாதே. பஸ் வருவதற்குள் அவள் புரிந்துகொள்வாள்.